இரண்டு வால்வும் மூடியிருந்த பம்ப்

பம்ப் ஓடாவிட்டால் பயப்பட உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முதலாளி முதல் வாட்ச்மேன் வரைக்கும் வந்து உங்கள் பின்னால் நின்றுவிடுவார்கள். நல்லபடியாக ஓடுகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிற பம்பைப் பார்த்துப் பயப்படத்தான் பழக வேண்டும். நான் அதைப் பழகிய நாளைப் பற்றி உங்களுக்குச் சொல்கிறேன். அஸ்திவாரம், அலைன்மென்ட், போல்ட் முறுக்கும் வரிசை எதுவும் இதில் வராது. பம்ப் நிறுவும் வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு அவையெல்லாம் என்னைவிட நன்றாகவே தெரியும். உங்கள் கையில் லேசர் இருக்கிறது. எங்களுக்கு டயல் கேஜும் ஸ்பிரிட் லெவலும்தான்.

சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டுக்காரர்கள் கூழை டப்பா டப்பாவாக வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும், அதுவரை வெல்ல மண்டி வைத்திருந்தவர், அரிசி ஆலை வைத்திருந்தவர் எல்லாரும் கூழ் ஆலை கட்ட ஆரம்பித்தார்கள். வங்கி கொடுத்தது, மெஷின் வந்தது, ஆனால் சீசன் யாருக்காகவும் நிற்காது. பெங்களூரா மாம்பழம் பழுத்துவிட்டால் பழுத்ததுதான். கட்டடத்துக்குப் பூச்சு வேலை முடிவதற்குள் வாசலில் டிராக்டர் வந்து நின்றுவிடும்.

நான் திருப்பதியில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சொந்த ஊர் கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் மற்ற எல்லாரும் கூலி வேலைக்குப் போனவர்கள். சித்தூரில் ஆலைகளுக்குப் பம்ப் நிறுவி, ஓட்டிக் காட்டி, ஒப்படைத்துவிட்டு வரும் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்து, சைட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் நிலைக்கு அப்போதுதான் வந்திருந்தேன்.

என்னோடு தேவராஜ் இருந்தான். நகரியில் பவர்லூம் ஓட்டிய குடும்பம். தறியில் பிழைப்பு நடக்காமல் அண்ணன்மார் ஒருவர் பெங்களூருக்கும் ஒருவர் திருப்பூருக்கும் போய்விட, இவன் ஃபிட்டர் வேலையைப் பிடித்துக்கொண்டான். கெட்டிக்காரன். ஆனால் அந்தச் சைட்டில் அவன் மனம் பாதி குவைத்தில் இருந்தது. விசா வந்துவிட்டது. இந்த வேலை முடிந்ததும் விமானம்.

அந்த ஆலையின் பம்ப் ஹவுஸில் இரண்டு பம்புகள். பழம் கழுவும் தொட்டிக்கும் சூடான கூழைக் குளிரவைக்கும் குழாய்களுக்கும் தண்ணீர் கொடுப்பவை. ஒன்று ஓடும்போது மற்றது சும்மா நிற்கும். ஓடுகிற பம்பின் அழுத்தம் குறைந்தால் நிற்கிற பம்ப் தானாகவே கிளம்பும். முதல் பம்பை ஓட்டி ஒப்படைத்துவிட்டோம். அதை வைத்துக்கொண்டே ஆலையைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாவது பாக்கி. அன்று காலை அதைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்ததில் வெளியே போகும் குழாயின் ஒரு இணைப்பில் ஒழுகியது. நிறுத்திவிட்டு, பம்பின் இரண்டு பக்க வால்வுகளையும் மூடச் சொன்னேன். தண்ணீர் உள்ளே வருவது சக்ஷன் வால்வு, வெளியே போவது டெலிவரி வால்வு. இரண்டும் மூடினால் நடுவில் பம்ப் ஒரு மூடிய குண்டான் மாதிரி. தேவராஜ் மூடிவிட்டு ஒழுகிய இணைப்பைப் பிரித்தான்.

வேலை நடக்கும்போது யாரும் பம்பை ஓட்டிவிடக் கூடாது. அதனால் ஆலையின் எலக்ட்ரீஷியன் நரசிம்மலுவிடம் சொல்லி, அந்த பம்பின் ஃப்யூஸ்களைக் கழற்றி வாங்கி என் தோள்பையில் போட்டுக்கொண்டேன். ஃப்யூஸ் என்னிடம் இருக்கிறது, ஆகவே பம்ப் ஓட முடியாது. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம்.

முதலாளி அன்று திருப்பதியில் இருந்தார். கூழ் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் இன்ஸ்பெக்டரைத் திருமலைக்கு அழைத்துப் போய்விட்டு, மதியத்துக்கு மேல் ஆலைக்குக் கூட்டி வருவதாக ஏற்பாடு. மேனேஜர் காலையிலிருந்து ஒரு இடத்தில் நிற்கவில்லை. முதலாளியின் ஊர்க்காரர், பொல்லாதவர் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் காதில் எது சொன்னாலும் ஏறவில்லை.

"அம்மா, ரெண்டாவது பம்ப் எப்போ?"

"சாப்பாட்டுக்கு அப்புறம் சார். ஜாயின்ட் முடிஞ்சதும் நானே ஓட்டிக் காட்டறேன்."

"வர்றவன் பேனல பாத்தா எல்லா லைட்டும் எரியணும். அது மட்டும் பாத்துக்கோ."

தேவராஜ் இணைப்பை முடித்துவிட்டு வந்து சொன்னான். வால்வுகளைத் திறக்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டு வந்து நான் பார்த்த பிறகு திறக்கலாம் என்றேன். வேப்ப மரத்தடியில் போய்ச் சாப்பிட்டோம்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மேனேஜர் பேனல் ரூமுக்குப் போயிருக்கிறார். இரண்டாவது பம்பின் விளக்கு எரியவில்லை. ஃப்யூஸ் மேடத்திடம் இருக்கிறது என்று நரசிம்மலு சொல்லியிருக்கிறார். ஸ்டோரிலிருந்து புது ஃப்யூஸ் வரவழைத்துக் கொடுத்து, போடச் சொல்லி, சுவிட்சை 'ஆட்டோ'வில் வைக்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் முதல் பம்பின் அழுத்தம் ஏதோ காரணத்தால் ஒரு நொடி குறைந்திருக்கிறது. இரண்டாவது பம்ப், செய்யச் சொல்லியிருந்த வேலையைச் சரியாகச் செய்தது. தானாகக் கிளம்பியது. இரண்டு வால்வும் மூடிய நிலையில்.

தண்ணீர் வழக்கம்போல் வந்தது, ஏனென்றால் முதல் பம்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தமும் பெரிதாக மாறவில்லை. கொதிகலனும் கன்வேயரும் போடும் இரைச்சலில் ஒரு மோட்டார் கூடுதலாக ஓடுவது யாருக்குக் கேட்கும்?

சாப்பிட்டு முடித்து நானும் தேவராஜும் பம்ப் ஹவுஸ் கதவைத் திறந்தோம். கருகிய வாசனை. பக்கத்தில் யாரோ வெல்டிங் வைக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அக்கா, பெயிண்ட் கருகற வாசன வருது."

அவன் சொன்ன பிறகுதான் பார்த்தேன். இரண்டாவது பம்பின் புதுப் பச்சை பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிப் பழுப்பாகியிருந்தது. அதன் மேல் காற்று நெளிந்தது. பிரஷர் கேஜின் முள் கடைசி எண்ணையும் தாண்டி, தடுப்பு ஊசியில் முட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

"ஓடிக்கினு கீதுக்கா!" என்று சொல்லிக்கொண்டே தேவராஜ் டெலிவரி வால்வின் சக்கரத்தை நோக்கிப் பாய்ந்தான்.

அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். தையல் விட்டது கையில் தெரிந்தது.

"தொடாத. வெளிய வா."

"தொறந்துட்டா சரியா போய்டும்க்கா."

"வெளிய வாடா."

அவனை அதற்கு முன்னும் பின்னும் நான் 'டா' போட்டதில்லை.

அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதை இப்போது நிதானமாகச் சொல்கிறேன். மோட்டாரின் பலம் முழுவதும் அந்தக் குண்டானுக்குள் அடைபட்ட கொஞ்சம் தண்ணீரைக் கடைந்துகொண்டே இருக்கிறது. அது எப்போதோ கொதிநிலையைத் தாண்டியிருக்கும். ஆவியாக இடமில்லாததால் தண்ணீராகவே இருக்கிறது. எங்காவது ஒரு வழி கிடைத்தால் மொத்தமும் ஒரே மூச்சில் ஆவியாகும். டெலிவரி வால்வைத் திறந்தால் அது ஒரு வழி. சக்ஷன் வால்வைத் திறந்தால் பழுக்கக் காய்ந்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பாயும். அது அதைவிட மோசம். பழைய பம்புகளில் சுழலும் தண்டைச் சுற்றிக் கயிறு திணித்திருக்கும், அதன் வழியாகப் புகை மாதிரி ஆவி வந்து முன்பே காட்டிக்கொடுத்திருக்கும். இது புது மாடல். கயிற்றுக்குப் பதிலாக மெக்கானிக்கல் சீல். ஒரு சொட்டு வெளியே வராது என்பதுதான் அதன் பெருமை.

பம்பை நிறுத்தும் பட்டன் பம்புக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பத்தில் இருந்தது. நாலு எட்டு வைத்தால் போதும், சிவப்பாகக் கண்ணுக்கு நேரே. அதைப் பார்க்கப் பார்க்கக் கால் தானாக எழுந்தது. உங்களுக்கும் எழும். ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கேயே பட்டனை வைத்துவிடுகிறோம். அதனால்தான் ஆள் அங்கே ஓடுகிறான். நான் கதவைச் சாத்தினேன்.

பம்ப் ஹவுஸின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் பழம் கழுவும் தொட்டி. பெண்கள் வரிசையாக நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"தேவராஜு, கழுவற எடத்துல ஒருத்தர் இருக்கக் கூடாது. எல்லாரையும் கேட் பக்கம் கூட்டிக்கினு போ. ஏன்னு கேட்டா அப்புறம் சொல்லு."

அவன் ஓடினான். நான் முற்றத்தைக் கடந்து பேனல் ரூமுக்கு ஓடினேன். போகும்போதே குப்பம்மாவின் குரல் கேட்டது. கழுவும் பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. "கையில கீற பழத்த போட்டுட்டு எங்கடா ஓடறது? மேஸ்திரி கூலிய புடிச்சிக்குவான்" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

நரசிம்மலு டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

"ரெண்டாவது பம்ப் ஓடுது. நிறுத்துங்க."

அவர் ஸ்டாப் பட்டனை அழுத்தினார். பச்சை விளக்கு அணைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகு ஆம்பியர் மீட்டரைப் பார்த்தேன். முள் இறங்கவில்லை. அவர் மறுபடியும் அழுத்தினார். முள் அப்படியே நின்றது.

"காண்டாக்டர் ஒட்டிக்கிச்சு மேடம்" என்றார். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் செப்புத் துண்டுகள் உருகி ஒன்றாகிவிட்டன. பட்டன் என்ன சொன்னாலும் இனி அவை பிரியாது. அந்த பம்பின் கைப்பிடிச் சுவிட்சின் மேல் கை வைத்தவர், உடனே கையை எடுத்துக்கொண்டார். "இத லோடுல, கரண்ட் ஓடறப்பவே இழுத்தா மூஞ்சிலயே பத்திக்கும். சின்ன சுவிட்ச் மேடம்."

"அப்போ மெயின்."

மெயின் என்றால் மொத்த ஆலையும். சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசலில் மேனேஜர் நின்றார். பெண்கள் கேட்டை நோக்கிப் போவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"மெயின் ஆபொத்து" என்றார் நரசிம்மலுவிடம். மெயினை நிறுத்தாதே. பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு புரியுதா? டியூப்ல கூழ் ஓடிக்கினு இருக்கு. இப்போ நிறுத்தினா கருகி ஒட்டிக்கும். சுரண்டி எடுக்கவே ஒரு நாள் ஆகும். வெளிய டிராக்டர் நிக்குது, பழம் தாங்காது. முதலாளி கார் சந்திரகிரி தாண்டியிருக்கும். ஒரு பம்புக்காகவா?" என்றார்.

அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்களைத் தடுக்க வருபவர் முட்டாளாக இருக்க மாட்டார். நியாயமான காரணத்தோடுதான் வருவார்.

"சார், அது பம்ப் இல்ல இப்போ. மூடி திறக்காத பாய்லர். சேஃப்டி வால்வுகூட இல்லாத பாய்லர்."

"நீ காண்ட்ராக்ட் ஆளு. ஆலைய நிறுத்தற அதிகாரம் உனக்கு இல்ல."

உண்மையில் எனக்கு அதிகாரம் இல்லைதான். அதிகாரம் அவரிடம் இருந்தது, மெயின் நரசிம்மலுவின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என்னிடம் எதுவும் இல்லை. மேனேஜரோடு பேசிப் பயனில்லை என்று புரிந்தது. நான் நரசிம்மலுவைப் பார்த்துச் சொன்னேன்.

"அண்ணா, கேஜ் முள்ளு முட்டி நிக்குது. பெயிண்ட் வெந்துபோச்சு. நான் பாத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். அந்த ஆலையில் சம்பளம் வாங்குகிறவர், வேலைக்குச் சேர்ந்து ஒரு சீசன்கூட ஆகாதவர். "மன்னிஞ்சண்டி சார்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மெயினை இழுத்துவிட்டார்.

ஆலை நின்றது. இரைச்சலுக்குப் பழகிய காதில் அந்த அமைதி வலித்தது. கன்வேயரின் மேல் பழங்கள் வந்த இடத்திலேயே நின்றன. தூரத்தில் கேட் பக்கத்தில் ஒரு டிராக்டர்காரர் யாரையோ விசாரிக்கும் குரல் கேட்டது.

மேனேஜர் வாசலுக்குப் போய் நின்றுபோன கன்வேயரைப் பார்த்தார். பிறகு, "சரி, நின்னுடுச்சு இல்ல? ஹோஸ் எடுத்துவந்து தண்ணி அடிச்சு ஆறவைங்க. வால்வைத் திறங்க. மெயின் போடணும்" என்றார்.

"நின்னுடுச்சு சார். ஆறல. தானா ஆறணும். தண்ணி அடிச்சா இரும்பு வெடிக்கும். அது வரைக்கும் அந்தக் கதவ யாரும் திறக்கக் கூடாது."

"எவ்ளோ நேரம்?"

"தெரியாது."

தெரியாது என்று சொல்வதற்கு மெயினை நிறுத்தச் சொன்னதைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது. ஒரு நேரம் சொல்லியிருந்தால் அவர் அதைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். ஆனால் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரியாததை நேரமாக மாற்றிச் சொன்னால், அந்த நேரம் முடிந்ததும் யாராவது கதவைத் திறப்பார்கள்.

அவருக்குப் பொறுமை போய்விட்டது. தானே திறக்கிறேன் என்று பம்ப் ஹவுஸை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். எனக்கு முன்னால் தேவராஜ் வந்து அவருக்குக் குறுக்கே நின்றான். பெண்களைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுத் திரும்பியிருந்தான்.

"வாணாம் சார். நானே தொறக்கப் போனேன். அக்கா இழுத்துச்சு. வாணாம்."

"தள்ளு."

"அடிச்சிக்கோங்க சார். நவுர மாட்டேன்."

மேனேஜர் அவன் தோளில் கையை வைத்தார். அப்போது உள்ளேயிருந்து சீழ்க்கை மாதிரி ஒரு ஒலி கிளம்பியது. மெல்லியதாகத் தொடங்கி, காது கூசும் அளவுக்கு ஏறி, ஒரே அலறலாக மாறியது. பம்ப் ஹவுஸின் மேல் ஜன்னல்களில் வெள்ளையாக ஆவி பீறிட்டது. கதவின் இடுக்குகள் எல்லாம் புகைந்தன. கதவுக்கு அடியில் கொதிநீர் முற்றத்துக்கு ஓடிவந்து வெயிலில் ஆவி பறந்தது. நாங்கள் மூன்று பேரும் எப்போது பின்னால் நகர்ந்தோம் என்று தெரியவில்லை. அது அடங்கும்போது மேனேஜரின் கை இன்னும் தேவராஜின் தோளில்தான் இருந்தது. இப்போது தள்ளுவதற்காக இல்லை, பிடித்துக்கொள்வதற்காக.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இரும்பு தொடும் சூட்டுக்கு வந்த பிறகு உள்ளே போனோம். சீலின் ரப்பர் வளையங்கள் வெந்து அந்த வழியாக ஆவி வெடித்து வெளியேறியிருந்தது. அது பாய்ந்த திசையில்தான் ஸ்டாப் பட்டனின் கம்பம் இருந்தது. பிளாஸ்டிக் பெட்டி நெளிந்து போயிருந்தது. தேவராஜ் அதைத் தொட்டுப் பார்த்தான். தான் பாய்ந்து போன வால்வுச் சக்கரத்தைப் பார்த்தான். வெளியே போய்ச் சுவரோரம் குந்திக்கொண்டான்.

முதலாளி இன்ஸ்பெக்டரோடு வந்து சேர்ந்தபோது ஆலை நின்றுகிடந்தது. இன்ஸ்பெக்டரை விருந்தினர் அறையில் உட்காரவைத்துவிட்டு எங்களிடம் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "தப்பு யாருது?"

மேனேஜர் தரையைப் பார்த்தார். நரசிம்மலு பக்கம் எல்லாருடைய கண்ணும் போனது. ஆட்டோவில் வைத்தது அவர் கை. மெயினை இழுத்ததும் அதே கை. நான் பையிலிருந்த ஃப்யூஸ்களை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இந்தப் பம்போட ஃப்யூஸ் சார். காலைலருந்து என்கிட்டதான் இருக்கு."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரையாவது கைகாட்டிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், அந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டு அதே மாதிரிதான் வேலை நடக்கும். பிறகு மேனேஜர் தலையை நிமிர்த்தி, "நேனே இச்சானு" என்றார். "நான்தான் ஸ்டோர்லருந்து வேற ஃப்யூஸ் குடுத்தேன். நரசிம்மலு சொன்னான், நான் கேக்கல. வால்வு மூடியிருக்குன்னு எனக்குத் தெரியாது."

வால்வு மூடியது எனக்கும் தேவராஜுக்கும் தெரியும். ஃப்யூஸ் மாறியது மேனேஜருக்கும் நரசிம்மலுவுக்கும் தெரியும். இரண்டும் சேர்ந்து தெரிந்தவர் அந்த ஆலையிலேயே ஒருவரும் இல்லை. இன்று உங்கள் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டும் சாவியும் கொடுத்திருக்கிறார்கள். வேலை செய்கிறவன் தன் கையால் சுவிட்சைப் பூட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் பம்ப் பக்கம் போக வேண்டும். அது தொல்லை என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது எனக்குத் தெரியும். பூட்டு பேசும் வேலையைச் செய்கிறது. நாங்கள் பேசிக்கொள்ளாமல் விட்டதை அது பேசுகிறது.

மறுநாள் காலை கருகிய குழாய்களைச் சுரண்டி முடித்திருந்தார்கள். இரண்டாவது பம்பைக் கழற்றி ஓரமாக வைத்தாகிவிட்டது. முதல் பம்பைக் கிளப்பினால் ஆலை ஓடும். அந்தப் பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அறைக்குள் போக ஒருவரும் முன்வரவில்லை.

"எனக்கு வாணாம்க்கா" என்றான் தேவராஜ். "ராத்திரி பூரா அந்த சத்தம்தான் காதுல. விசா வந்துக்கீது. முழுசா போய்ச் சேரணும்."

நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. விபத்துக்கு மறுநாளைப் பற்றிப் பாடப் புத்தகங்கள் எழுதுவதில்லை. பயந்தவன் சீக்கிரமாக முடித்துவிட்டு வெளியே ஓடப் பார்ப்பான், பார்க்க வேண்டியதைப் பார்க்க மாட்டான். அதனால் அவசரப்படாமல் இருக்க ஒரு வழி செய்தேன். மேனேஜரையும் உள்ளே கூப்பிட்டேன்.

"நானா?"

"நீங்கதான் சார். சக்ஷன் வால்வை நீங்களே பிடிச்சுத் திருப்பிப் பாருங்க. திறந்திருந்தா வாயைத் திறந்து சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் நரசிம்மலு சுவிட்சைத் தொட மாட்டார்."

அவர் வேட்டி நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு வால்வின் முன்னால் குனிந்தார். சக்கரத்தை முழுவதுமாகத் திருப்பி, திரும்பாத இடம் வரை பார்த்துவிட்டு, "தெரிச்சுந்தி" என்றார். திறந்திருக்கிறது. சொல்லிவிட்டு எனக்காகத் தமிழிலும் சொன்னார். டெலிவரி பக்கம் நான் நின்றேன். கிளம்பும்போது அதைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து, ஓட்டம் பிடித்ததும் மெல்லத் திறக்க வேண்டும். கேஜைப் பார்க்க ஆள் இல்லை.

"முள்ளு நான் பாக்கறேன்க்கா" என்றான் தேவராஜ் வாசலிலிருந்து. உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டியிருந்தான். அது போதும்.

மோட்டார் உறுமியது. "ஏறுது" என்றான் தேவராஜ். "ஏறுது... நின்னுடுச்சி. சரியா கீது." நான் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். முள் அசைந்து அதற்குரிய இடத்தில் வந்து நின்றது. கையின் கீழே குழாய் லேசாக அதிர்ந்தது, தண்ணீர் போகும் அதிர்வு. மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து, முதல் டிராக்டரை உள்ளே விடச் சொன்னார்.

நான் சுவரைச் சுற்றிக்கொண்டு கழுவும் தொட்டிப் பக்கம் போனேன். முந்தின நாள் மதியத்திலிருந்து வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாயில் காற்றும் தண்ணீருமாகத் துப்பிவிட்டு, பிறகு முழுசாகக் கொட்டியது. தொட்டியின் அடியில் கிடந்த பழங்கள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. யாரும் தண்ணீரில் கையை விடவில்லை. என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

குப்பம்மா கையை முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் விட்டாள்.

"வாங்கடி," என்றாள். "சில்லுனு கீது."